கேட்டுக்காரர் வீட்டுக் கத்தியின் ஆட்டம்

கேட்டுக்காரரின் மடக்குக் கத்தி ஆட்டம் கண்ட அதே வாரம் அவருடைய வீடும் ஆடத் தொடங்கியது. கைப்பிடிக்குள் அலகு இடமும் வலமுமாக ஆடியதால் வீடும் இடமும் வலமுமாகவே ஆடியது. முன்னும் பின்னும் ஆடவில்லை. அரை விரல் அகலத்துக்கு இடப்பக்கம் சாய்ந்து, பக்கத்து வீட்டுத் தபால்காரரின் சுவரில் ஒரு தட்டுத் தட்டும். பிறகு நிமிர்ந்து வலப்பக்கத்துக் காலி மனையின் மேல் சாயும். தபால்காரர் முதல் நாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்த் திறந்து பார்த்தார். இரண்டாம் நாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே "வாங்க வாங்க" என்றார். அதற்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார், ஏனென்றால் ஒரு மனிதன் சுவருக்கு எத்தனை முறைதான் மரியாதை செய்வான்.

அந்த வீட்டுக்கும் அந்தக் கத்திக்கும் உள்ள சம்பந்தம் தெருவுக்குத் தெரிந்ததுதான். கேட்டுக்காரரின் அப்பா வீட்டைக் கட்டியபோது, வாசற்கால் நிறுத்திய அன்று, தூக்குக்குண்டின் நூலை அந்தக் கத்தியால் அறுத்துவிட்டு டக்கென்று மடக்கிச் சட்டைப்பையில் போட்டார். அவர் மடக்கியதும் வீட்டிலிருந்த கதவு, ஜன்னல் எல்லாம் தாமாகவே சாத்திக்கொண்டன. உள்ளே பூசிக்கொண்டிருந்த கொத்தனார், கத்தி மறுபடி திறக்கும்வரை உள்ளேயே கிடந்துவிட்டு, வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து கத்தி திறந்தால் வீடு திறக்கும், கத்தி மடங்கினால் வீடு மூடும். அப்பா காலையில் ஆறு மணிக்குத் திறந்து மாலையில் ஆறு மணிக்கு மடக்குவார். அவருக்குப் பிறகு கத்தி மூத்த மகனிடம் வந்தது. அதன் முதுகில் இருந்த வில் அத்தனை முரடு. அந்த வீட்டு ஆண்களின் கட்டைவிரல் நகத்துக்குத்தான் அலகு மசியும். பெண்கள் யாராவது முயன்றால் நகம் உடையுமே தவிர அலகு அசையாது. அதை வைத்து, இது ஆண்கள் திறக்க வேண்டிய வீடு என்று அப்பாவும் மகனும் முடிவு செய்துகொண்டார்கள். ஒரு வில்லின் முரட்டுத்தனத்தைப் போய் நியாயம் என்று எடுத்துக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்.

ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் உத்தியோகம் என்பதால் ஊர் அவரைக் கேட்டுக்காரர் என்றது. வீட்டில் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடந்தது, ஆகவே பெயர் இரண்டு பக்கமும் பொருந்தியது. அவர் மனைவி கல்யாணமாகி அந்த வாசலுக்குள் நுழைந்த நாளிலிருந்து தெருவிளக்கு எரிவதை வெளியில் நின்று பார்த்ததில்லை. கூரைக்குக் கீழே சுவரில் விட்டிருந்த காற்றுத் துளை வழியாக மஞ்சளாய் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். வீட்டில் இன்னொருத்தி கேட்டுக்காரரின் தங்கை. தெருவே அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டது, அவளைவிடச் சின்னவர்கள்கூட. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்குப் பின்னால் சோகக் கதை ஒன்றும் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவளுக்கு வேண்டியிருந்தது கிரேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு லாரியின் கனத்தை ஒரு விரலால் தூக்கி, முட்டையை வைப்பது மாதிரி கரையில் வைக்க வேண்டும். அதற்கான படிப்பைப் படித்து லைசென்சும் வாங்கி வைத்திருந்தாள்.

வேலையும் ஒருமுறை கிடைத்தது. ஆனால் கப்பல்கள் மாலையில்தான் கரை சேரும், ஷிப்டு ஆறு மணிக்குத்தான் தொடங்கும். போக வேண்டிய அன்று மட்டும் கேட்டுக்காரர் நாலரை மணிக்கே கத்தியை மடக்கிவிட்டார். தங்கச்சி சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கதவின் உட்பக்கம் நின்றாள். அவள் சரக்கு இறக்கியிருக்க வேண்டிய கப்பல் துறைமுகத்தில் ஊதியது, நின்றது, மறுநாள் போயும் விட்டது. அதற்குப் பிறகு தையல் மிஷின் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருடமாக ஐந்தரை மணிக்குள் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்கு நிம்மதியாகப் போய்விடும் என்பதால் தினமும் இரண்டு வார்த்தையாவது வெடுக்கென்று பேசினாள். அவரும் தினமும் ஒரே பதிலைச் சொன்னார்: "ரொம்ப ஆடாத."

கத்தி தேய்ந்ததற்குக் காரணம் கேட்டுக்காரர் ஓய்வு பெற்றதுதான். மூட ரயில்வே கேட் இல்லாமல் அவர் கை ஒரு நிலையில் இருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கத்தியை டக்கென்று திறப்பார், டக்கென்று மடக்குவார், நாள் முழுக்க இதே வேலை. வீட்டுக் கதவுகளும் நாள் முழுக்கத் திறந்து மூடின. அவர் மனைவி, தங்கச்சியின் அண்ணி, குடத்தோடு நிலைப்படியில் நின்று, டக் சத்தத்தைக் காதில் வாங்கி, ஓட்டமாய் உள்ளே வரக் கற்றுக்கொண்டாள். இரண்டு புடவைத் தலைப்புகள் கதவிடுக்கில் போயின. முரட்டு வில் அலகை அழுத்த, அலகு ஆணியை அழுத்த, அலகையும் கைப்பிடியையும் கோத்திருந்த அந்த ஒரே ஆணியின் துளை ஓவலாகத் தேய்ந்தது, இரு பக்கத் தகடுகளும் விரிந்துகொடுத்தன. அப்படித்தான் ஆட்டம் வந்தது.

கேட்டுக்காரர் மட்டும் எதுவும் ஆடவில்லை என்றார். டம்ளர் மேசையில் இடதுகோடியிலிருந்து வலதுகோடிக்கு நகர்ந்து போகும்போது அதைப் பிடித்துக் குடித்துவிட்டு, எதுவும் ஆடவில்லை என்றார். பூனை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தபால்காரர் வீட்டுக்குக் குடிபோனது. அண்ணி குடத்தைப் பாதி மட்டும் நிரப்பினாள், விளக்கைக் கயிற்றில் கட்டினாள், இரண்டு காலையும் அகட்டி வைத்து நடந்தாள். ஆனால் ஆட்டத்தில் ஒரு நல்லதும் இருந்தது. ஆறு மணிக்குக் கத்தி மடங்கும்போது கதவுகள் மூடின, ஆனால் சரியாகப் பொருந்தவில்லை. ஆட்டம் நாளுக்கு நாள் கூட, வீடு வலப்பக்கம் சாயும் நேரத்தில் வாசல் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவு இடைவெளி விழுந்தது.

அதன் வழியாக முதலில் வெளியே போனவள் தங்கச்சி இல்லை, அண்ணி. ஒரு சாயங்காலம் கேட்டுக்காரர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மூச்சை உள்ளிழுத்து, இடைவெளி விழுந்ததும் நழுவினாள். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து அங்கே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, வந்த வழியிலேயே திரும்பி வந்தாள். தங்கச்சி அடுப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி பாத்தீங்க?"

"பஸ்ஸு வந்துச்சு. போச்சு. அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு."

"அவ்ளோதானா?"

"வெளக்கெல்லாம் எரிஞ்சுது," என்றாள் அண்ணி. "ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. நாளைக்கும் போவேன்."

மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். தபால்காரர் அவளைத் தெருவில் பார்த்துவிட்டு, யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அவளை விளக்கு வெளிச்சத்தில் அவர் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் துறைமுகத்துக் கிரேன் மேஸ்திரி, தன் மனைவியின் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு வந்தார். மிஷினின் அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தவளை உற்றுப் பார்த்து, "அன்னைக்கு வராமப் போன பொண்ணுதானே நீ?" என்றார். ஆமாம் என்றாள். கடைசிக் கிரேனை ஓட்ட ஆள் இல்லை, வருகிற திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்து ஏறினால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறான், மூன்றாம் தடவை கேட்டு வரத் தனக்கு வேறு மிஷின் கிடையாது என்று மேஸ்திரி விவரமாகச் சொன்னார். அவள் மிஷினின் அடியிலிருந்தே வருகிறேன் என்றாள். கையில் எண்ணெய் என்பதால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

இடைவெளி வழியாகத் திருட்டுத்தனமாகப் போய்வரலாம் என்று அண்ணி யோசனை சொன்னாள். தங்கச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. திருடிக்கொண்டு போகிற வேலையா இது, வாசல் வழியாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் முன்னால் போய் நின்றாள். வீடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"நாளையிலேருந்து சாயங்கால ஷிப்டுக்குப் போறேண்ணே. திரும்பி வர ராத்திரி ஆகும். கதவு தொறந்திருக்கணும்."

"ரொம்ப ஆடற நீ."

"வீடே ஆடுது. நான் ஆடினா என்ன இப்போ?"

"எல்லா ஆட்டத்தையும் இன்னைக்கே நிறுத்தறேன் பாரு," என்று சொல்லி, அவர் சுத்தியலையும் ஒரு இரும்புத் துண்டையும் எடுத்துவரச் சொன்னார். யாரும் எடுத்துவராததால் தாமே போய் எடுத்துவந்தார்.

மடக்குக் கத்தியின் ஆட்டத்தை நிறுத்த ஆணியின் தலையைத் தட்டுவது என்பது தப்பான வழி இல்லை. தலை நசுங்கி விரிந்தால் தகடுகள் நெருங்கும், நெருங்கினால் அலகு நிற்கும். முக்காலியில் உட்கார்ந்து, கத்தியை மடக்கி, இரும்பின் மேல் வைத்துக் கேட்டுக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். வீட்டின் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இரண்டாவது தட்டில் வீடு சுத்தமாக நின்றது. மேசைமேல் டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றது. தங்கச்சிக்கே அது நல்ல வேலையாகத்தான் பட்டது. "போதும்ணே, விட்டுடு," என்றாள். ஆனால் அந்தக் குடும்பத்தின் கோளாறு அதுதான்: எதையும் சரியான இடத்தில் நிறுத்தத் தெரியாது. மாவு பிசைந்தால் இன்னும் ஒரு குத்து, திட்டினால் இன்னும் ஒரு வார்த்தை, கதவைச் சாத்தினால் இன்னும் ஒரு அழுத்து. அப்பா காலத்திலிருந்தே அப்படி. இருக்கட்டும் என்று கேட்டுக்காரர் இன்னும் ஒரு தட்டுத் தட்டினார்.

அலகு கைப்பிடிக்குள் சிக்கிக்கொண்டது. அவர் நகத்தை வைத்து இழுத்தார், நகம் உடைந்தது; அந்த வீட்டு ஆண் ஒருவருக்கு நகம் உடைந்தது அதுதான் முதல் தடவை. வாசல் கதவும் கொல்லைக் கதவும் ஜன்னல்களும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. அதோடு விடவில்லை. வீட்டுக்குள் மடங்கியிருந்தது எதுவுமே பிரியவில்லை. பெட்டி மூடி திறக்கவில்லை, குடை விரியவில்லை, மடித்து வைத்த மூக்குக் கண்ணாடியின் காதுகள் நிமிரவில்லை, டப்பாக்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. பெண்கள் இருவரும் நின்றுகொண்டிருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்த நிலையில் தட்டியதால் கேட்டுக்காரரின் முழங்கால்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. சுத்தியலைப் பிடித்திருந்த விரல்களும் பிரியவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடி, நான் வேண்டுமென்றுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததைக் காற்றுத் துளை வழியாக விழுந்த வெளிச்சத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். தபால்காரர் சுவரில் தட்டுச் சத்தம் நின்றதில் சந்தேகப்பட்டு, ஏணி வைத்து ஏறி, துளையில் வாயை வைத்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்க் கடப்பாரை கொண்டுவந்து வாசல் கதவை நெம்பினார். கடப்பாரை வளைந்தது. மறுபடி ஏறிவந்து, "தங்கச்சி, கடப்பாரையும் மடங்கிடுச்சு, வேற எதுனா சொல்லு," என்றார். வேறு ஒன்றும் இல்லை, கத்திதான் சரியாக வேண்டும். தங்கச்சி அண்ணனிடம் கத்தியைக் கேட்டாள். கொடுக்கமாட்டேன் என்றார். அப்பா கத்தி, பெண்பிள்ளை கை படக்கூடாது, நாளைக்குத் தானாக இளகும் என்றார். நாளைக்கு இளகினால் கிரேனில் வேறொருத்தன் ஏறியிருப்பான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். காலை போனது, மதியமும் போனது. மூடாமல் விட்டிருந்த பாத்திரத்தில் இருந்ததைச் சாப்பிட்டார்கள். அண்ணி கணவனுக்கும் ஊட்டிவிட்டாள், ஏனென்றால் அவர் முழங்கையும் மடங்கித்தான் இருந்தது. ஊட்டி முடித்து, அவர் வாயைத் துடைத்துவிட்டு, அதே கையோடு அவர் இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவினாள்.

"ஏய், அதக் குடு," என்றார் கேட்டுக்காரர்.

"எல்லாத்துக்கும் உங்களக் கேட்டேன்," என்றாள் அண்ணி. "இத்தன வருஷமா கேட்டேன். இப்போ கேக்கலங்க. எடுத்துக்கிட்டேன்."

தங்கச்சியின் வேலைப் பை சுவரோரம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பையை மூடிவைக்கத் தெரியாதவள் என்று அண்ணன் வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த அதே பை. மூடியிருந்தால் அன்று அதுவும் திறந்திருக்காது. தங்கச்சி அண்ணியிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு, பையிலிருந்து அரத்தை எடுத்து, துளை வெளிச்சம் விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்து, மூன்று தட்டில் அண்ணன் நசுக்கியிருந்த ஆணித் தலையை அராவினாள். பிறகு மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை ஆணியின் மேல் வைத்துச் சின்னதாகத் தட்டினாள். ஆணி கழன்று தரையில் விழுந்து உருண்டது. தகடு வேறு, அலகு வேறு, வில் வேறாகக் கத்தி பிரிந்தது.

வீடும் பிரிந்தது. இடப்பாதி இடப்பக்கமும் வலப்பாதி வலப்பக்கமும் ஒரு சாண் நகர்ந்து நின்றன. நடுவில் கூரையிலிருந்து தரைவரைக்கும் ஒரே கோடாக வானம் தெரிந்தது. ஏணியில் இருந்த தபால்காரர் வலப்பாதியை எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம் அலமாரி நிக்குது, பயப்படாதீங்க," என்றார். கதவுகள் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை, தொளதொளவென்று தொங்கின. கேட்டுக்காரரின் முழங்கால்கள் இளகின. அவர் எழுந்து, சுத்தியலைப் போட்டுவிட்டு, தங்கையின் தலைக்கு மேல் வந்து நின்றார்.

அவள் நிமிரவே இல்லை. தேய்ந்த துளையை வட்டமாகத் திருத்தினாள். அலகின் இரு பக்கமும் வைக்கப் பித்தளையில் இரண்டு மெல்லிய வாஷர் எடுத்தாள். பழைய ஆணிக்குப் பதிலாகத் தையல் மிஷினின் ஸ்க்ரூ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், அடுத்த தடவை தளர்ந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு திருப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று. அதுவரைக்கும் கேட்டுக்காரர் பொறுத்தார். அவள் அரத்தை எடுத்து வில்லை அராவத் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அத ஏன் தொடற? ஆட்டத்த மட்டும் எடு."

"ஆட்டமே இதனாலதாண்ணே வந்துச்சு. இவ்ளோ மொரட்டு வில்லுக்கு எந்த ஆணியும் தாங்காது."

"அப்பா வெச்ச வில்லு."

"அப்பாவும் தப்பாத்தான் வெச்சாரு," என்று சொல்லிவிட்டு அவள் அராவினாள். இரும்புத்தூள் அவள் மடியில் விழுந்தது. அவர் கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தாலும் பயனில்லை, அண்ணி இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். வானத்துக் கோட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கோக்கும்போது அவள் டீத்தூள் பொட்டலத்தின் ஈயத்தாளில் ஒரு துண்டு கிழித்து அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்தாள். ஸ்க்ரூவை முடிந்தமட்டும் இறுக்கினாள். பிறகு ஈயத்தாளை உருவி எடுத்தாள். அந்தத் தாளின் கனம்தான் ஆட்டத்துக்கும் சிக்கலுக்கும் நடுவில் உள்ள இடம்; அதைவிட அதிகம் போனால் வீடு ஆடும், குறைந்தால் முழங்கால் மடங்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். பிரிந்திருந்த வீடு மெதுவாக நகர்ந்து ஒன்று சேர்ந்தது, உத்தரத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சம் நின்றது. அலகின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். நூலளவும் ஆடவில்லை. பிறகு மடக்கினாள், எல்லாக் கதவும் மூடின, முன்பைவிடச் சத்தமில்லாமல்.

கேட்டுக்காரர் கையை நீட்டினார். தங்கச்சி கத்தியை அண்ணியிடம் கொடுத்தாள். "அண்ணி, தொறங்க."

அண்ணி நகத்தைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். சுண்டுவிரலை வைத்து நெம்பினாள். அலகு வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஏழு ஜன்னல், பெட்டி, டப்பா, மூக்குக் கண்ணாடி எல்லாம் திறந்தன, குடை மூலையில் நின்றபடியே விரிந்தது. அண்ணி சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மடக்கி மறுபடி திறந்து பார்த்தாள்.

"ஆட்டம் போச்சா?" என்று கேட்டார் கேட்டுக்காரர்.

"கத்தியோடது போச்சுண்ணே," என்றாள் தங்கச்சி, மடியிலிருந்த இரும்புத்தூளைத் தட்டிக்கொண்டே. "என்னோடது அப்படியேதான் இருக்கு." சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகும் முன் கைப்பிடியின் வளையத்தில் சங்கிலி மாட்டி, மறுமுனையை வாசற்காலில் ஆணி வைத்து அடித்துவிட்டாள், இனி அது யார் சட்டைப்பைக்கும் போகாதபடி. ஆறு மணிக்குச் சற்று முன்னால் கிரேனின் இரும்பு ஏணியில் ஏறினாள். மேஸ்திரி கீழிருந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார்.

கூண்டிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். ஆறு மணிக்கு அவள் வீட்டு விளக்கு சட்டென்று மறைந்தது, அண்ணன் மடக்கிவிட்டார். அவள் பல்லைக் கடித்தாள். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து விளக்கு தெரிந்தது, அண்ணி திறந்துவிட்டாள். மறுபடி மறைந்தது, மறுபடி தெரிந்தது. சங்கிலிக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அண்ணியும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் மடக்க அவள் திறக்க, தங்கச்சி வேலை முடிந்து வீடு வந்து சேரும்வரை அது ஓயவில்லை. அவள் நுழையும்போது கதவு திறந்திருந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது, அடுத்த வருடமும். கேட்டுக்காரர் தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்ளவில்லை, அண்ணி ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுக்கு இப்போது ஆறு மணிக்கு முன்னாலேயே, அவர் முன்னிலையிலேயே போய்வந்தாள்; தெருவிளக்கு எரிவதைத் தன் வாசலில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்திக் கொண்டுவரும் மாலுமிகள் கரையில் புதிதாக ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிவதைக் கவனித்தார்கள். பாறை இருக்கும் பக்கம் எது, மணல் இருக்கும் பக்கம் எது என்று அதை வைத்துக் கணக்குப் பண்ணத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது இல்லாமல் யாரும் உள்ளே வருவதில்லை என்றாகிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் அண்ணி காய்ச்சலில் விழுந்தாள். ஆறு மணிக்குக் கேட்டுக்காரர் வழக்கம்போல் மடக்கினார், திறக்க ஆள் இல்லை. வீடு இருண்டு கிடந்தது. தங்கச்சி கூண்டிலிருந்து பார்த்தாள். ஒரு மூச்சு போயிற்று, பத்து மூச்சு போயிற்று. கொக்கியில் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று பாதி உயரத்தில் தொங்கியது. அவள் கையை நெம்புகோலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழே லாரிகள் நின்றன, மற்றக் கிரேன்கள் நின்றன. மேஸ்திரி கத்தினார். "எறக்கு. என்ன ஆச்சு உனக்கு?"

"எங்க வீடு தொறக்கட்டும்," என்று மேலிருந்து பதில் வந்தது. "அப்புறம் எறக்கறேன்."

துறைமுக வாயிலுக்கு வந்துகொண்டிருந்த கப்பலும் விளக்கைக் காணாமல் நின்று ஊதியது. பின்னால் வந்தது நின்று ஊதியது. அதற்குப் பின்னாலும் ஒன்று. ஊதல் ஊருக்குள் நுழைந்து, மூடிய வீட்டின் காற்றுத் துளை வழியாகக் கேட்டுக்காரரின் காதில் விழுந்தது. முப்பது வருடம் ரயில் ஊதக் கேட்டு வேலை செய்த உடம்பு அது. அவர் நாற்காலியில் நெளிந்தார். மனைவி படுத்திருந்த பக்கம் திரும்பி, "எந்திரிச்சுத் தொறயேன்," என்றார்.

"என்னால முடியாது," என்றாள் அண்ணி, போர்வைக்குள்ளிருந்து. "அதுவும் இல்லாம, கப்பல் என்னைக் கேக்கல. உங்களத்தான் கேக்குது."

மறுபடி ஊதியது. அவர் எழுந்து சங்கிலியைப் பிடித்து, கத்தியைக் கையில் எடுத்து, பழக்க தோஷத்தில் கட்டைவிரல் நகத்தை முழு பலத்தோடு வைத்தார். பலம் எதுவும் தேவைப்படவில்லை. அலகு வழுக்கி வந்து நின்றது, வீடு திறந்தது. கிரேனில் தங்கச்சி நெம்புகோலைத் தொட்டாள். குழாய்க் கட்டு முட்டையை வைப்பது மாதிரி லாரியில் போய் உட்கார்ந்தது. கேட்டுக்காரர் ஒரு மூச்சு நேரம் பொறுத்து மடக்கினார், ஒரு மூச்சு நேரம் பொறுத்துத் திறந்தார், விட்டுவிட்டு எரிந்தால்தானே மாலுமிக்கு அடையாளம் தெரியும். அன்று மூன்று கப்பலும் உள்ளே வரும்வரை மடக்கினதும் அவர்தான், திறந்ததும் அவர்தான். இதைப் பற்றி அவர் பிற்பாடு யாரிடமும் பேசவில்லை. அண்ணிக்குக் காய்ச்சல் விட்டதும் பழையபடி எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

தங்கச்சி இப்போது கிரேன் மேஸ்திரி. வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பி ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறாள். அவள் மறந்தால் அண்ணி செய்கிறாள். புதிதாக வேலைக்கு வரும் மாலுமிகளுக்குப் பழைய மாலுமிகள் துறைமுகத்தின் அடையாளங்களை வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: இது கலங்கரை விளக்கம், இது தண்ணீர்த் தொட்டி, அது கேட்டுக்காரர் வீடு. ஆறு மணியிலிருந்து அணைஞ்சு அணைஞ்சு எரியும், அத நம்பி வரலாம், ஆட்டம் கெடையாது.